தேயிலைத் தட்டில் ஒரு ஓட்டு

"சொல்லிட்டேன் அத்தே, அந்தத் தட்டு அடுப்படியை விட்டு வெளியே வரக் கூடாது" என்றாள் பியூ ஸின்.

"விருந்தாளி வர்ற வீட்டுல லப்பெட் வைக்காம இருக்கிறதா? கேட்டா சிரிப்பாங்கடி" என்று டோ ஓன் சீ அத்தை பூண்டை வறுத்துக்கொண்டே சொன்னாள். அந்த வாசனை எல்லை ஊரான மே ஸோட்டின் அகதிகள் சந்து முழுக்கப் பரவியிருந்தது.

அத்தையின் சூழ்ச்சி பியூ ஸின்னுக்குத் தெரியும். பர்மாவில் ராஜாக்கள் காலத்தில் வழக்கு முடிந்ததும் இரண்டு தரப்பும் லப்பெட், அதாவது ஊறவைத்த தேயிலை, ஒரு வாய் சாப்பிடுவார்கள். சாப்பிட்டுவிட்டால் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். பிறகு பேச்சு மாறக் கூடாது.

வரப்போகிறவள் ஐரோப்பாவின் வடக்கு மூலையிலிருந்து ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், மாரித். பர்மாவில் ஆட்சியைப் பிடித்துக்கொண்ட தளபதிகளை அரசாங்கமாக ஏற்பதா, மக்கள் தேர்ந்தெடுத்தவர்களை ஏற்பதா என்று அவளுடைய குழு அடுத்த வாரம் ஓட்டெடுக்கிறது. பதினோரு பேர். ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம். மாரித் இன்னும் வாய் திறக்கவில்லை.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் பியூ ஸின்னும் ஒருத்தி. பாவ்க் ஊரில் கணக்கு டீச்சராக இருந்தவள், தேர்தலில் நின்று ஜெயித்தாள். நாடாளுமன்றம் கூட வேண்டிய அன்று விடிவதற்குள் ராணுவம் வந்துவிட்டது. மூன்று வருடமாக எல்லை ஆற்றுக்கு இந்தப் பக்கம், தாய்லாந்தின் வாடகை வீட்டில், ஒருநாள்கூட இருக்கையில் உட்காராத உறுப்பினராக இருக்கிறாள்.

மூன்று மணிக்கு மாரித் வந்தாள். நெட்டையான பெண்மணி. செருப்பைத் தானே கழற்றி வைத்துவிட்டு, நீண்ட கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் பாயில் தடுமாறி உட்கார்ந்தாள். மொழிபெயர்க்க ஸா ஏ டோ பக்கத்தில் உட்கார்ந்தான். ஜன்னலில் சந்தின் பாதித் தலைகள்.

பியூ ஸின் காகிதங்களைப் பிரிப்பதற்குள் அத்தை தட்டோடு வந்து நின்றாள். நடுவில் கரும்பச்சைத் தேயிலை, சுற்றிலும் வறுத்த பூண்டு, எள், வேர்க்கடலை, பச்சை மிளகாய்.

"பாவம், பசியோட வந்திருப்பாங்க."

மாரித் நிஜமாகவே பசியோடுதான் வந்திருந்தாள். ஒரு கரண்டி. இன்னொரு கரண்டி. ஜன்னலில் கைதட்டல் வெடித்தது. யாரோ பானையைத் தட்டினார்கள். தையல்காரர் கோ மியாத் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்.

"எதுக்குக் கைதட்டுறாங்க?" என்று கேட்டாள் மாரித்.

ஸா ஏ டோ குரலைத் தாழ்த்தினான். "டீச்சர், சமையல் பிடிச்சிருச்சுன்னு சந்தோஷம்னு சொல்லிடவா? படம் இப்பவே ஊரெல்லாம் போயிரும். இந்தம்மா நம்ம பக்கம்னு ஆயிரும். அப்புறம் அவங்களால மாத்திப் பேச முடியாது."

ஒரு தலையசைப்புப் போதும். பியூ ஸின்னின் கழுத்து அசையத்தான் பார்த்தது.

"கோ மியாத், போனை உள்ள வைங்க" என்றாள். பிறகு ஸா ஏ டோவிடம், "உள்ளதைச் சொல்லு. நம்ம ஓட்டைத் திருடிட்டாங்கன்னுதானே உலகம் பூரா அழறோம்? இவங்க ஓட்டை நாம திருடலாமா?"

அவன் சொன்னான். மாரித் கரண்டியைக் கீழே வைத்தாள். பானைச் சத்தம் நின்றது.

"கெடுத்தா!" என்று அத்தை தலையில் கை வைத்தாள். "கணக்கு டீச்சராம். கழித்தல் மட்டும்தான் வரும் இவளுக்கு."

மாரித் வாயைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நான் போட்டது செல்லாத ஓட்டு. மறுபடி நடத்துங்க. ஆனா முதல்ல என் கேள்விக்கெல்லாம் பதில் வேணும்."

ஒரு மணி நேரம் கேட்டாள். பியூ ஸின் எதையும் மழுப்பவில்லை. தெரியாததைத் தெரியாது என்றாள். கடைசியில் மாரித் இரண்டு விரல்களை நீட்டினாள்.

"ரெண்டு நிபந்தனை. மருந்து ஆத்தைத் தாண்டிப் போறதை நீங்க யாரும் தடுக்கக் கூடாது, அது எவன் ஊருக்குப் போனாலும் சரி. ரெண்டாவது, அங்க நடக்கிற தப்பையெல்லாம் மாசாமாசம் எழுதி அனுப்பணும். உங்க ஆளுங்க பண்ணினதையும் சேர்த்து."

ராணுவத்தை எதிர்த்துக் காட்டில் துப்பாக்கியோடு இருக்கும் தம்பி பியூ ஸின்னின் நினைவுக்கு வந்தான்.

"எழுதுறேன். என் தம்பி பண்ணினாலும் எழுதுறேன்."

"அப்ப அடுத்த வாரம் என் கை உங்களுக்காக உயரும்" என்றாள் மாரித். "ரெண்டு தரப்பும் சாப்பிடணும், அதானே வழக்கம்?"

தட்டை இழுத்து ஒரு பெரிய கரண்டி அள்ளினாள். இந்த முறை ஒரு முழு மிளகாயும் சேர்ந்து போயிற்று. முகம் சிவந்து கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் கொட்டியது.

"ஐயோ, ஜனநாயகத்துக்காக அழறாங்களே!" என்று அத்தை உருகினாள்.

"மிளகாய்க்கு அழறாங்க அத்தே, தண்ணி கொண்டா!"

பியூ ஸின் தன் பங்கை வாயில் போட்டாள். கசப்பு, புளிப்பு, பூண்டின் மொறுமொறுப்பு. எத்தனையோ மாதங்களாக எது தின்றாலும் தெரியாத ருசி நாக்கில் வந்து உட்கார்ந்தது. சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. தண்ணீரைக் குடித்துக்கொண்டே மாரித்தும் சிரித்தாள். எதற்கென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"எங்களுக்கும் ஓட்டு இருக்கு!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். கதவு திறந்தது. வாசலில் செருப்புகள் குவிந்தன. சந்தே உள்ளே வந்துகொண்டிருந்தது.

அத்தை கரண்டியை உயர்த்திப் பிடித்தாள். "வரிசையா வாங்க! ஆளுக்கு ஒரு கரண்டிதான். கள்ள ஓட்டுப் போட வந்தா கையை ஒடிச்சுப்புடுவேன்!"