மஞ்சள் தடவிய ரிப்போர்ட்

ரவிதேஜாவின் பட்டறையில் சோதனை செய்யாமல் ஒரு பம்பு கூட வெளியே போகாது. தண்ணீரை அழுத்திவிட்டு, ஒரு சொட்டு கசிந்தாலும் ஓரமாகத் தள்ளிவிடுவான். அவன் அப்பா கண்ணையா இதைச் சொல்லாத கல்யாண வீடு உக்கடத்திலிருந்து தாராபுரம் வரை கிடையாது. அப்பேர்ப்பட்டவர்களைக் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனைக்குச் சம்மதிக்கவைக்க மானசாவுக்கு எட்டு மாதம் பிடித்தது.

கண்ணையா அவளுடைய தாய்மாமன். ரவிதேஜா முறை மாப்பிள்ளை. மானசாவின் அம்மா பங்காரம்மாவும் சொந்தத் தாய்மாமனைத்தான் கட்டியிருந்தாள். அதில் பிறந்தவன் தம்பி பவன். வயது பத்தொன்பது. தரையில் உட்கார்ந்தால் முழங்காலைப் பிடித்து, பிறகு தொடையைப் பிடித்து, தன் உடம்பின் மேலேயே ஏறித்தான் எழுந்து நிற்பான். தசைகள் கரைந்துகொண்டிருந்தன. அம்மாவிடம் ஒன்று, அப்பாவிடம் ஒன்று என்று ஒளிந்திருந்த பழுதான மரபணு அவனிடம் இரண்டாகச் சேர்ந்துவிட்டது. விலங்கியல் படித்த மானசா இதைப் படமே வரைந்து காட்டினாள். மாமா அதை மடித்துக் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

இருவருடைய ரிப்போர்ட்டும் வந்ததும் பங்காரம்மா டாக்டரிடம் போகவில்லை. இரண்டுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, ஜாதகங்களோடு ஜோசியரிடம் கொண்டுபோனாள். சாயங்காலமே மாமா மகனைக் கூட்டிக்கொண்டு, நிச்சயம் பேசப் பழத்தட்டோடு வந்துவிட்டார்.

"அம்மணி, நீ கேட்ட பொருத்தமும் பாத்தாச்சு. ரெண்டு பேருக்கும் ஒரே எழுத்து, ஒரே நம்பரு! இப்படி ஒத்துப்போயி ஜோசியர் பாத்ததே இல்லையாமா."

மானசா ரிப்போர்ட்டுகளை வாங்கிப் பார்த்தாள். இரண்டு பெயருக்குக் கீழும் அதே மரபணுவில் அதே பழுது. பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பவனைப் போலாக நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதற்காகவா எட்டு மாதம் இவர்களோடு மல்லுக்கட்டினோம் என்றிருந்தது.

"மாமா, ஒண்ணா இருக்கறதுதானுங்க கோளாறே."

"ரவி நல்லாத்தான இருக்கறான்?"

"அம்மாவும் அப்பாவும்கூட நல்லாத்தான் இருந்தாங்க."

"அது பவனோட நேரம் கண்ணு," என்றாள் பங்காரம்மா.

ரவிதேஜா செல்போனிலிருந்து தலை தூக்கவில்லை. மானசா அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, கசியற பம்பை ஜோசியர்கிட்டயாங்க காட்டுவீங்க?"

"அது வேற. பம்பு திரும்பி வந்தா கம்பெனி பேரு கெட்டுப்போயிருமில்ல."

தரையில் உட்கார்ந்திருந்த பவன் சிரித்தான். "புள்ளைய யாரும் திருப்பி அனுப்பறதில்லீங்க மச்சான். அதான் உங்களுக்குத் தெகிரியம்."

அவன் எழத் தொடங்கினான். முழங்கால். தொடை. இடுப்பு. அவன் நிமிர்ந்து முடிக்கும்வரை மாமா பழத்தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மானசா அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் மாமாவின் காரில் பின்சீட்டில் வைத்தாள். தன் ரிப்போர்ட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டாள். படிக்கத் தெரிந்தவர்கள் யாராவது பெண் கேட்டு வந்தால் காட்டலாம். விரலில் ஒட்டிய மஞ்சளைக் கார் கதவில் துடைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

"தட்டை வண்டில வெச்சுப்போட்டேனுங்க மாமா. பாத்துப் போங்க."