விதானையார் கரையேறும் காட்சி

ஒரு புத்தகத்தை ஊரே மனப்பாடம் பண்ணி வைத்திருந்தால் அதைப் படமாக்க வருகிறவள் பாடு திண்டாட்டம்தான். நிருஷாவுக்கு அது முதல் நாளே விளங்கிவிட்டது. வான்கோழியின் காலில் அவள் கயிறு கட்டிக்கொண்டிருந்தபோது, வேலியோரம் ஓட்டோவை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்த ஒருவர், "தங்கச்சி, இடது கால்லதானே கட்டினது? மூண்டாம் அத்தியாயத்தில தெளிவா இரிக்கே!" என்று சத்தம் போட்டார். நிருஷா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தாள். மனுசன் சொன்னது சரி. வாயை மூடிக்கொண்டு கயிற்றை இடது காலுக்கு மாற்றினாள்.

அந்தப் புத்தகம், காலஞ்சென்ற எல்மோ மாஸ்டர் எழுதிய "விதானையார் தப்பிப் போனார்". மட்டக்களப்புப் பட்டினத்தில் ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பமொன்றில் பிறந்து, காலமெல்லாம் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து, ஒரேயொரு கதைப் புத்தகம் எழுதிவிட்டுப் போனவர் அவர். கதையில், நத்தார் என்னும் கிறிஸ்மஸ் விருந்துக்கென்று ஒரு வீட்டில் வான்கோழி வளர்க்கிறார்கள். அந்தக் காலத்து ஊர் அதிகாரியான விதானை மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முற்றத்தை மேற்பார்வை செய்வதால் அதற்கு விதானையார் என்று பெயர். அதை அறுக்க விடமாட்டேன் என்று வீட்டுச் சிறுமி ரீட்டா தோணியில் ஏற்றிக்கொண்டு வாவியில் ஓடிவிடுகிறாள். முதலைக்குத் தப்பி, மழையில் நனைந்து, கண்டல் காட்டுக்குள் ஒளிந்திருந்து, நத்தார் காலையில் திரும்பி வருகிறாள். நிறைந்த வாவியில் மிதந்து வந்த தோணி நேரே வீட்டுப் படிக்கட்டில் முட்டுகிறது. படியில் நிற்கும் அப்பா வான்கோழியைக் கையில் வாங்கி, "விதானையாருக்கு இனி இந்த வீட்டில் ஆயுள் உத்தியோகம்" என்கிறார். இந்தப் பக்கத்தில் பள்ளிக்கூடம் போன யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வசனத்தைச் சொல்வார்கள்.

புத்தகத்தின் உரிமை மாஸ்டரின் ஒரே மகள் லோர்னாவிடம் இருந்தது. கொழும்பிலிருந்து வந்தவர்களுக்குக்கூடக் கொடுக்காத அந்த அன்ட்டி, கல்யாண வீட்டு வீடியோவும் தொலைக்காட்சி நாடகமுமாகக் காலம் தள்ளிக்கொண்டிருந்த நிருஷாவுக்குக் கொடுத்தார். கதை நடக்கிற வீடும் அன்ட்டியின் வீடுதான். வாவிக்குள் இறங்கும் படிக்கட்டோடு இன்னும் அப்படியே இருக்கிறது. அதையும் படம்பிடிக்கத் திறந்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"முன்னுக்கு நீ என்னவும் செய் மகள். கடைசிப் பக்கத்தில மட்டும் கை வைக்கப்படாது. வச்சா படம் இல்ல."

பத்து வயதில் அந்தப் புத்தகத்தைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு தூங்கியவள் நிருஷா. இது அவளுடைய முதல் சினிமா. அந்தக் கடைசிப் பக்கத்துக்காகவே படம் எடுக்க வந்தவளிடம் இப்படியொரு நிபந்தனை போட்டால், பால் குடிக்கச் சொன்ன பூனை மாதிரித் தலையாட்டாமல் என்ன செய்வாள்?

கடைசிக் காட்சியைக் கடைசியாகவே எடுப்போம் என்று அவள் ஆசைப்பட்டாள். அங்கேதான் பிழை வந்தது. மார்கழி மழையில் வாவி நிரம்பினால் வயல்வட்டையெல்லாம் வெள்ளத்தில் மூழ்கும். மூழ்கினால் கமக்காரர் சும்மா இருக்கமாட்டார்கள். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டை வெட்டி ஆற்றுவாயைத் திறந்துவிடச் சொல்லி நெருக்குவார்கள். திறந்தால் வாவித் தண்ணீர் மளமளவென்று கடலுக்கு ஓடிவிடும். இது இங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். செட்டிபாளையத்தில் கமக்காரர் மகளாகப் பிறந்து வளர்ந்து, மார்கழி மாதத்தில் ஆற்றுவாயை மறந்துபோனவள் உலகத்திலேயே நிருஷா ஒருத்திதான்.

மழை விடாமல் ஊற்றியதால் சனி, ஞாயிறு படப்பிடிப்பு நடக்கவில்லை. திங்கள் காலை வெயில் பளிச்சென்று அடித்தது. சந்தோசமாக வந்து இறங்கியவள் படிக்கட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். வெள்ளிக்கிழமை மேல் படியைத் தொட்டு நின்ற தண்ணீர் எங்கோ தூரத்தில் மினுங்கியது. படிக்கும் தண்ணீருக்கும் இடையில் கறுத்த சேறு. அதில் கொக்குகள் காலை உணவு முடித்துக்கொண்டிருந்தன. தோணி சேற்றின் அந்தக் கரையில், தண்ணீர் ஓரத்தில் கிடந்தது.

தன் அப்பா இராசதுரைக்கு அழைத்தாள்.

"அப்பா, ஆத்துவாய வெட்டிட்டாங்களா?"

"ஓம் மகள்! நேத்துத்தான். நாங்க எல்லாரும் போய் நிண்டுதான் வெட்டுவிச்சம்." குரலில் அப்படியொரு பெருமை.

"நீங்களுமா? என்ட படம் என்னாகிறது? ஒரு சொல்லு எனக்குச் சொல்லப்படாதா?"

"பயிர் கழுத்தளவு தண்ணிக்குள்ள நிக்கக்குள்ள, உன்ட கோழிக்காகக் காத்திருக்கச் சொல்றியா மகள்?"

"அது கோழி இல்ல அப்பா, வான்கோழி!" என்று கத்திவிட்டு அழைப்பைத் துண்டித்தாள். அப்பா சொன்னதில் ஒரு பிழையும் இல்லை என்பது தெரிந்ததால்தான் கோபம் இன்னும் கூடியது.

கமராக்காரன் மதுஷன் ஆறுதல் சொல்ல வந்தான். "விடுங்க அக்கா, கம்ப்யூட்டர்ல தண்ணி போட்டுருவம்." அரை மணித்தியாலம் மினக்கெட்டு ஒரு மாதிரி செய்தும் காட்டினான். வாவி முழுக்கப் பாயாசம் ஊற்றிய மாதிரி இருந்தது. அவனே அதைப் பார்த்துவிட்டு மெல்ல மடிக்கணினியை மூடினான்.

அடுத்த மாரிவரை காத்திருக்கவும் வழியில்லை. ரீட்டாவாக நடிக்கும் மெலிண்டாவுக்கு முன்பல் விழுந்த ஓட்டையோடுதான் மற்றக் காட்சியெல்லாம் எடுத்தாயிற்று. அந்தப் பல் இப்போதே எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

வேறு வழியில்லாமல் நிருஷா உள்ளே போனாள். லோர்னா அன்ட்டி சாப்பாட்டு மேசையில் இருந்து நத்தார் கேக்குக்கு முந்திரிகை வற்றல் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அன்ட்டி, தண்ணி போயிட்டு. தோணி படிக்கு வராது. கடைசிக் காட்சிய மாத்தாம எடுக்க ஏலாது."

"அப்ப எடுக்காத."

"படமே இல்லாமப் போயிரும் அன்ட்டி."

லோர்னா கத்தியைக் கீழே வைத்தார். "இரி," என்றார். "அந்த ரீட்டா ஆரெண்டு தெரியுமா உனக்கு?"

"நீங்கதான் எண்டு ஊரே சொல்லுது."

"ஊர் சொல்றது சரி. விதானையாரத் தூக்கிக்கொண்டு ஓடினது உண்மை. நத்தார் காலையில திரும்பி வந்ததும் உண்மை. பப்பா அந்தப் படியிலதான் நிண்டவர். கைய நீட்டினார், நான் விதானையாரக் குடுத்தன். மறுகா அவர் நேரா குசினிக்குக் குடுத்திட்டார்."

நிருஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அறுத்திட்டாங்களா?"

"அறுத்துப் பொரிச்சு மேசையில வச்சாங்க. நானும் சாப்பிட்டன். சும்மா இல்ல, ரெண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டன். ஓடிக் களைச்ச பசி!" சொல்லிவிட்டு லோர்னா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நிருஷாவும் அடக்கமாட்டாமல் சிரித்துவிட்டாள். சிரிப்பு ஓய்ந்தபோது அன்ட்டியின் கண் கலங்கியிருந்தது.

"மறுகாதான் விளங்கிச்சு, ஆரச் சாப்பிட்டன் எண்டு. எத்தின நாள் அழுதன் தெரியுமா? பப்பாவோட கதைக்கவே இல்ல. அடுத்த நத்தாருக்கு அவர் இந்தக் கதைய எழுதிக்கொண்டு வந்து, எனக்கு முன்னால இருந்து வாசிச்சார். மன்னிப்புக் கேக்கத் தெரியாத மனுசன் மகள். அந்தக் கடைசிப் பக்கம்தான் அவர் கேட்ட மன்னிப்பு. அதில ஆரும் கை வைக்கக் கூடாது."

நிருஷா எழுந்து வெளியே வந்து படியில் குந்தினாள். புத்தகத்தைத் தெரியும் என்று நினைத்த இத்தனை வருசமும் அதன் கடைசிப் பக்கத்தைத் தெரியாமலே இருந்திருக்கிறாள். படம் போனால் போகட்டும், அந்த மனுசியை நோகடிக்கக் கூடாது என்று நினைத்தாள். படம் போகட்டும் என்று நினைத்த அந்தக் கணமே நெஞ்சு வலித்தது.

அப்போதுதான் தோணிப் பக்கமிருந்து மெலிண்டாவின் குரல் கேட்டது. ஒத்திகை பார்க்கலாம் என்று யாரோ அவளை வான்கோழியோடு சுற்றுவழியால் கொண்டுபோய்த் தோணியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். விதானையார் வேடமிட்ட வான்கோழி நல்ல கனம். அதைக் கட்டிப்பிடித்தபடி பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றது.

"அக்கா! இந்தச் சேறெல்லாம் நானா இவரத் தூக்கிக்கொண்டு வாறது? எனக்கு ஏலாது! பப்பா வந்து வாங்கினா என்ன, அவர் சும்மாதானே நிக்கிறார்?"

நிருஷா படியைப் பார்த்தாள். அப்பாவாக நடிக்கும் கிளென் அங்கே உண்மையாகவே சும்மாதான் நின்றார். கல்யாண வீடுகளில் பைலாப் பாட்டுப் பாடுகிற கிளென், மாஸ்டரின் பழைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, தன்னுடைய பளபளக்கும் கறுப்புச் சப்பாத்தில் தூசி தட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கோட்டை அலுமாரியிலிருந்து எடுத்து நடிக்கக் கொடுத்தது லோர்னா அன்ட்டிதான்.

நிருஷா எழுந்த வேகத்தில் படியில் தடுக்கி விழப் பார்த்தாள். உள்ளே ஓடினாள்.

"அன்ட்டி, தோணி படிக்கு வராட்டி, பப்பா தோணிக்குப் போகட்டும்."

லோர்னா நிமிர்ந்தார். "ஆரு, பப்பாவா? சேத்துக்குள்ளயா? சப்பாத்தில ஒரு பொட்டு அழுக்குப் பட்டா அண்டைக்குப் பள்ளிக்கூடமே நடுங்கும். அவர் ஒரு நாளும் இறங்கியிருக்கமாட்டார்."

"தெரியும் அன்ட்டி. இறங்கியிருந்தா?"

லோர்னா ஒரு முந்திரிகை வற்றலை எடுத்தார், பார்த்தார், திரும்ப வைத்தார்.

"கோட்டில சேறு படும்," என்றார் கடைசியில்.

"படும் அன்ட்டி."

"எடு. நான் வந்து நிண்டு பாக்கிறன். எனக்குப் பிடிக்கல்ல எண்டா எல்லாத்தையும் கட்டிக்கொண்டு போயிரணும்."

கோட்டு ஒன்றே ஒன்றுதான். சேறு பட்டால் திரும்ப எடுக்க முடியாது. ஒரே தடவையில் சரி வரவேண்டும். கிளென் விசயத்தைக் கேட்டதும் இரண்டு கையையும் தலையில் வைத்தார். "டிரெக்டர் மேடம், இது நான் கல்யாண வீட்டுக்குப் போடுற சப்பாத்து!"

"அதுக்காகத்தான் கேக்கிறன். அந்தச் சப்பாத்தோட இறங்கணும். கீழ குனிஞ்சு பாக்கப்படாது. மெலிண்டாவ மட்டும் பாருங்க."

கிளென் சப்பாத்தைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, போவம்" என்றார்.

செய்தி எப்படித்தான் பரவியதோ, மதியத்துக்குள் வேலி நிறைய ஆட்கள். ஓட்டமாவடியிலிருந்து வான்கோழியைக் கொடுத்த ஸஹீதாவும் முன்வரிசையில் நின்றாள். சினிமாக்காரரை நம்பமுடியாது என்று அவள் தினமும் கூடவே வந்துவிடுவாள். இராசதுரையும் வந்திருந்தார். வயலில் நின்ற கோலத்தோடு, கையில் ஒரு சோற்றுப் பொதியோடு, மகள் திட்டுவாளோ என்று பயந்து மரத்துக்குப் பின்னால் நின்றார். நிருஷா நேரே அவரிடம் போனாள்.

"பயிர் எப்பிடி அப்பா?"

"தலை காட்டுது மகள். தப்பிச்சிட்டம்." அவர் முகத்தில் இருந்த நிம்மதியைப் பார்த்த பிறகு கோபத்தை எங்கே தேடுவது? பொதியை வாங்கிக்கொண்டாள். "கத்தினதுக்குக் குறை நினைக்காதீங்க" என்றாள்.

வெயில் சாய்ந்து சேறு மினுங்கத் தொடங்கியபோது கமரா ஓடியது. தூரத்தில் தோணியின் முன்பக்க அணியத்தில் மெலிண்டா விதானையாரைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள். படியில் கிளென் விறைப்பாக நின்றார். புத்தகத்தில் இருந்தபடியே கையை நீட்டினார். தோணி வரவில்லை. நீட்டிய கையை மெல்ல இறக்கினார். ஒரு படி இறங்கினார். பிறகு அடுத்தது. பிறகு சேறு.

முதல் அடியில் கணுக்கால் புதைந்தது. அடுத்ததில் முழங்கால். ஒரு சப்பாத்து சேற்றோடு நின்றுவிட்டது. மனுசன் குனிந்தே பார்க்கவில்லை. ஒருமுறை தடுமாறிக் கையை ஊன்ற, வெள்ளைக் கோட்டின் கை முழங்கைவரை கறுத்தது. எழுந்து, பிள்ளையைப் பார்த்தபடியே நடந்தார். தோணியில் மெலிண்டா அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

வேலியோரம் முணுமுணுப்புக் கிளம்பியது. ஸஹீதாவால் பொறுக்க முடியவில்லை.

"அல்லாஹ், புத்தகத்தில இப்பிடி இல்லயே! அவர் படியில நிண்டுதானே வாங்குவார்!"

நிருஷா கமராவை விட்டுவிட்டுத் திரும்பி லோர்னா அன்ட்டியைப் பார்த்தாள். அன்ட்டி விறாந்தையின் ஓரத்துக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அவர் பார்வை சேற்றில் நடந்துபோகும் அந்தக் கோட்டை விட்டு அசையவில்லை.

"ஓம் புள்ள," என்றார் ஸஹீதாவிடம், தலையைத் திருப்பாமலே. "அதில அவர் இறங்கி வரல்ல. இப்ப வாறார். சத்தம் போடாதீங்க."

வேலி முழுவதும் அடங்கிப் போனது. கிளென் தோணியை எட்டி, விதானையாரையும் பிள்ளையையும் சேர்த்து ஒரே அணைப்பில் தூக்கினார்.