கோழி தின்ற சக்கரம்

எங்கள் வீட்டுக் கோழி ஒரு மகாராஜாவின் பணத்தை விழுங்கிய கதையைக் குன்னத்துகால் முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சொல்லச் சொல்ல அந்தக் கோழி கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. கடைசியாக டீக்கடையில் சொன்னபோது மயில் அளவுக்கு வந்து நின்றது. எழுத்தில் பிடித்து வைத்தாலாவது அது கோழி அளவிலேயே இருக்கும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பாறசாலையிலிருந்து புறப்படும் பஸ்களில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். மற்ற கண்டக்டர்களுக்கு ஓய்வுக்குப் பிறகு சில்லறையைக் கண்டாலே குமட்டும். எனக்கு மட்டும் கை ஊறிக்கொண்டே இருந்தது. அதற்கு மருந்தாகப் பழைய நாணயம் சேர்க்கத் தொடங்கினேன். மருந்து சொன்ன வைத்தியர் பக்கத்து ஊரான ஆரியங்கோட்டுத் தாசையன். வில்லேஜ் ஆபீசில் கிளார்க்காக இருந்தவர், என் வயதுக்காரர்.

தாசையனிடம் ஒரு கேட்டலாக் உண்டு. இந்தியாவில் எந்த ராஜா எந்த நாணயம் அடித்தார், அதன் எடை என்ன, அகலம் என்ன, அதில் எத்தனை வகை என்று படத்தோடு போட்ட புத்தகம். மடியில் வைத்துப் படித்தால் எழுந்திருக்கும்போது இரண்டு காலும் மரத்துப்போயிருக்கும். அதைத் தொடுவதற்கு முன் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும். பக்கத்தின் முனையை மடக்கக் கூடாது. எச்சில் தொட்டுப் புரட்டினால் அன்றோடு நட்பு முறிந்தது. பென்சிலோடு அந்த மேஜைப் பக்கம் போனாலே அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறும்.

"மனுசன் பொய் சொல்லுவான் ஓய். நாணயமும் பொய் சொல்லும். கேட்டலாக் சொல்லாது" என்பார் தாசையன்.

நெய்யாற்றின்கரையில் பழைய வெள்ளி வாங்கும் கடையொன்றில், உருக்கப் போட்டிருந்த கால் மிஞ்சிகளுக்கு நடுவே ஒருநாள் எனக்கு ஒரு வெள்ளிச் சக்கரம் கிட்டியது. சக்கரம் என்றதும் வண்டியை நினைக்க வேண்டாம். திருவிதாங்கூர் ராஜ்யத்தில் புழங்கிய நாணயத்துக்கு அதுதான் பெயர். ராஜ்யம்தான் பெரிது, நாணயம் கொள்ளுப் பருப்பு அளவு. கையால் எண்ணினால் நக இடுக்கில் போய்விடும் என்று, குழி குழியாகத் தோண்டிய பலகையில் கொட்டிக் குலுக்கி எண்ணினார்களாம். கேட்டலாக்கில் அதன் படத்தைப் பப்படம் அளவுக்குப் போட்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்துவிட்டு அசல் நாணயத்தைக் கையில் வாங்கியவர்கள், 'மீதி எங்கே?' என்று கேட்பார்கள்.

அதில் ஒரு சங்கு உண்டு. கேட்டலாக் படத்தில் சங்கின் வால் இடப்பக்கம் வளைந்திருக்கிறது. என் சக்கரத்தில் வலப்பக்கம் வளைந்திருந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தேன், மனைவி புஷ்பபாயைக் கூப்பிட்டும் காட்டினேன்.

"எறும்பு செத்துக் கெடக்கது மாதிரி இருக்கு" என்றாள் அவள்.

தாசையனுக்கு போன் போட்டேன். மறுமுனையில் கேட்டலாக் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அவர், "கேட்டலாக்குல ஏ, பி, சிண்ணு மூணு வகைதான் உண்டு. மூணுலயும் வாலு இடத்தோட்டாக்கும். உம்ம வாலு வலத்தோட்டுண்ணா அது நாலாவது வகை. புத்தகம் போடுதவருக்கு நான் எழுதுவேன். அடுத்த பதிப்புல சக்கரத்துக்குக் கீழ பொடி எழுத்துல வரும்: ஜெயதாஸ், குன்னத்துகால்" என்றார்.

அந்தப் பொடி எழுத்து என் தலைக்குள் ஆளுயரத்துக்கு நின்றது. டிக்கெட்டில் அரசாங்கத்தின் பெயர் இருக்கும், பஸ்ஸில் ஊரின் பெயர் இருக்கும். கண்டக்டரின் பெயரை எவன் அச்சடிக்கிறான்? மறுநாள் டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். புத்தகத்தில் என் போட்டோவும் வரும் என்று நானே கொஞ்சம் சேர்த்துக்கொண்டேன்.

"ஆனா நான் நேர்ல பாக்கணும். ஞாயிறாச்ச உங்க பள்ளியில அறுப்பின் பண்டிகைக்கு வாறேன், அப்பம் கொண்டு வாரும். அது வர கழுவப்பிடாது, தேய்க்கப்பிடாது. கேட்டலாக்குல மொதல் பக்கத்துலயே போட்டிருக்கு" என்றிருந்தார் தாசையன். பள்ளி என்று அவர் சொன்னது எங்கள் தேவாலயத்தை. நானும் மிஞ்சிக் கடை அழுக்கோடு அப்படியே பொத்திப் பொத்தி வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுக்கலாமென்று முற்றத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன்மேல் சக்கரத்தை வைத்தேன். தாசையன் கெஞ்சவைத்து எடுத்துத் தந்த கேட்டலாக் பக்கத்தின் ஜெராக்ஸும் கையில் இருந்தது. சங்கின் வால் இடமா வலமா என்று கடைசியாக ஒரு தடவை காகிதத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்டூல் பக்கம் திரும்பினேன். துணி இருந்தது. துணியின்மேல் எங்கள் புள்ளிக்கோழி நின்றது. அது கழுத்தை நீட்டி எதையோ விழுங்கி முடித்துவிட்டு, இன்னும் உண்டா என்கிற மாதிரி என்னைப் பார்த்தது.

சாதாரணக் கோழியாக இருந்தால் மத்தியானமே குழம்பு வைத்திருப்போம். இது நேர்ச்சைக் கோழி. மகள் எப்சிக்கு நர்ஸ் வேலை கிடைத்தால் பண்டிகைக்குக் கொடுப்பதாகப் புஷ்பபாய் நேர்ந்துகொண்டது. வேலையும் கிடைத்துவிட்டது, கோழியின் காலில் சிவப்புக் கயிறும் கட்டியாகிவிட்டது.

"எட்டி, இதுக்குப் பதிலா அந்தக் கறுத்த கோழியக் குடுப்போமே. அதாக்கும் எடை கூடுதல்."

"இஞ்ச பாருங்க, தெய்வத்துக்கிட்டயே கோழி மாத்திக் களிக்கியளா? நீங்க கண்டக்டர் வேலையில இருந்து ரிட்டயர்டு ஆயாச்சு. மீதி சில்லற பெறகு தாறேன்னு தெய்வத்துக்கிட்ட சொல்ல முடியாது."

"அப்பம் எனக்க சக்கரம்?"

"நாளைக்கு லேலத்துல விளிச்சுப் பிடியுங்க. ஆரு வேண்டாமுண்ணா?"

லேலம் என்றால் எங்கள் ஊரில் ஏலம். அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும், சபையார் கொண்டுவந்த விளைச்சலையெல்லாம் முற்றத்தில் குவித்து லேலம் விளிப்பார்கள். முட்டை பலாப்பழ விலைக்குப் போகும், பலாப்பழம் முட்டை விலைக்குப் போகும். எல்லாம் வீம்பையும் பக்தியையும் பொறுத்தது. விளிக்கிறவன் வெல்டிங் பட்டறை சிபி. அவனுக்கு மைக் தேவையே இல்லை; மைக்குக்குத்தான் அவனிடமிருந்து பாதுகாப்பு தேவை.

மரச்சீனிக் கிழங்கு போனது, ஏத்தன் வாழைக்குலை போனது. பிறகு சிபி எங்கள் புள்ளிக்கோழியைத் தலைக்கு மேலே தூக்கினான். என் பெயர் அச்சேற வேண்டிய கேட்டலாக்கே ஆகாயத்தில் சிறகடிப்பது போலிருந்தது எனக்கு.

நான் கையைத் தூக்கினேன். சபை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நான் லேலத்தில் பாதித் தேங்காய்க்கு மேல் எதையும் பிடித்ததாகச் சரித்திரமே இல்லை. பின்வரிசையிலிருந்து தாசையனும் கையைத் தூக்கினார். வேடிக்கைக்குத்தான், எனக்கு எதிராக விளிப்பது அவருக்குப் பாயசம் குடிப்பது மாதிரி. நான் ஏற்றினேன், அவர் ஏற்றினார். கோழி வாத்து விலையைத் தாண்டி, வான்கோழி விலையைத் தாண்டி, ஒரு நல்ல ஆட்டுக்குட்டி விலையில் போய் நின்றது. அங்கே தாசையன் கையை இறக்கிக்கொண்டு இளித்தார்.

"ஒரு தரம்... ரண்டு தரம்... மூணு தரம்! ஜெயதாஸ் மாமனுக்கு!"

ஓடிப்போய்க் கோழியைப் பிடிக்கக் கையை நீட்டினேன். சிபி அதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டான்.

"சபையாரே, ஜெயதாஸ் மாமனுக்க வீட்டுக் கோழிய ஜெயதாஸ் மாமனே பிடிச்சு, திரும்பவும் சபைக்கே தந்திருக்கு! கை தட்டுங்க!"

நான் எங்கே தந்தேன்? ஆனால் எங்கள் சபை வழக்கம் அதுதான். தன் வீட்டு நேர்ச்சையைத் தானே லேலத்தில் பிடிக்கிறவன் அதைத் திருப்பித் தரத்தான் பிடிப்பான். வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனவனை இதுவரை எவரும் கண்டதில்லை. கோழியைப் பற்றிய கவலையில் இந்த வழக்கத்தை நான் சுத்தமாக மறந்துபோனேன். போதகர் என் தோளைத் தட்டினார். பெண்கள் பக்கத்தில் புஷ்பபாய் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். இந்த நிலைமையில் இரண்டாவது தடவை கையைத் தூக்க எனக்கென்ன இரும்பு முகமா?

சிபி மறுபடி விளிக்கத் தொடங்கினான். நான் கூட்டத்துக்குள் முண்டியடித்துப் பின்வரிசைக்குப் போய்த் தாசையனின் காதைப் பிடித்தேன்.

"ஓய், அந்தக் கோழியப் பிடியும். பைசா நான் தாறேன்."

"எதுக்கு? உமக்கென்ன கோழிமேல திடீர்னு இவ்வளவு பாசம்?"

"காரணம் பெறகு சொல்லுதேன்."

"காரணம் கேக்காம நான் கையத் தூக்கமாட்டேன். ஒரு தரம் விளிச்சாச்சு, கேட்டீரா?"

"அதுக்க வயித்துக்குள்ளயாக்கும் எனக்க சக்கரம் கெடக்கு!"

தாசையன் என்னைப் பார்த்தார், கோழியைப் பார்த்தார். கேட்டலாக்கைப் பார்க்கிற அதே பயபக்தி அவர் முகத்தில் வந்தது. பிறகு எழுந்து நின்றார். அவர் விளித்த விளியில் பள்ளியின் மணி லேசாக ஆடியது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், ஆனால் ஆடியது. எதிர்த்து விளித்த டீக்கடைப் பொன்னப்பன் ஒரு கன்றுக்குட்டி விலையில் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தான்.

"மூணு தரம்! ஆரியங்கோட்டுத் தாசையன் சாருக்கு! சாரும் அதை சபைக்கே..." என்று சிபி ஆரம்பிப்பதற்குள் தாசையன் பாய்ந்து கோழியைப் பறித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"நான் வெளியூர்க்காரனாக்கும் மக்கா! உங்க சபை மொறை ஒண்ணும் எனக்குத் தெரியாது!"

எங்கள் வீட்டுக்கு வந்ததும் புஷ்பபாய் கோழியை அறுத்து வேலையை முடித்தாள். "லேலத்துல வந்த கோழி இனி வெறும் கோழி" என்று ஒரே வார்த்தையில் வேதசாஸ்திரத்தையும் முடித்துவிட்டாள். கல்லையும் மண்ணையும் போட்டுத் தீனியை அரைக்கிற இரைப்பையை மட்டும் தனியாக ஒரு தட்டில் வைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே நிற்கிறவர்கள் மாதிரி நின்றோம். அவள் அதைக் கீறினாள். மணல் வந்தது, ஓட்டுச்சில்லு வந்தது. கடைசியாக, மகாராஜா நேற்றுத்தான் அடித்த மாதிரிப் பளபளவென்று எங்கள் சக்கரம் வந்தது.

கழுவக் கூடாது, தேய்க்கக் கூடாது என்று கேட்டலாக்கில் போட்டிருப்பதைக் கோழி படிக்கவில்லை. ஒரு பகல், ஓர் இரவு, இன்னொரு பகல் உட்கார்ந்து நன்றாகவே தேய்த்திருந்தது.

தாசையன் கை கழுவிக்கொண்டு, பையிலிருந்து கேட்டலாக்கை எடுத்துத் துணி விரித்து வைத்தார். லென்ஸை எடுத்தார். அவர் பார்க்கிற நேரத்தில் நான் பிரார்த்தனைகூடச் செய்தேன். பொடி எழுத்துக்காகச் செய்த பிரார்த்தனை அதுவொன்றுதான்.

"ஓய் ஜெயதாசே."

"சொல்லும்."

"வாலு இடத்தோட்டு."

"திருப்பிப் பிடிச்சுப் பாரும்."

"எப்பிடித் திருப்பினாலும் இடத்தோட்டுதான். நீரு வலத்தோட்டுண்ணு பாத்தது சங்குக்க வாலு இல்ல, அழுக்கு. கோழி அதத் தின்னாச்சு. இது பி வகை. எல்லாவன் கையிலயும் இருக்கது."

அடுக்களையிலிருந்து மல்லி வறுக்கிற மணம் வந்தது. அடுத்த பதிப்பில் என் பெயர் இல்லை. டீக்கடையில் போட்டோ வரும் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறேன். அதையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அப்புறம் கோழி, ஆடு, கன்றுக்குட்டி எல்லாம் நினைவுக்கு வந்து வயிற்றுக்குள்ளிருந்து சிரிப்பு கிளம்பியது. தாசையன் முதலில் முறைத்தார், பிறகு லென்ஸைக் கீழே வைத்துவிட்டு அவரும் சேர்ந்துகொண்டார். லென்ஸை அவர் கவனக்குறைவாகக் கீழே வைத்தது அன்றைக்குத்தான்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கேட்டார்: "உம்ம வீட்டுல பென்சில் உண்டுமா?"

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். எப்சியின் பழைய பென்சில் பெட்டியை எடுத்து வந்தேன். தாசையன் பென்சிலைச் சீவினார், ஊதினார். ஏ, பி, சி என்று மூன்று வகை அச்சடித்திருந்த இடத்துக்குக் கீழே, அந்தப் புனிதமான வெள்ளை ஓரத்தில், மூச்சைப் பிடித்துக்கொண்டு பொடி எழுத்தில் எழுதினார்:

டி. கோழி விழுங்கியது. ஒன்றே ஒன்று. ஜெயதாஸ், குன்னத்துகால்.

"கேட்டலாக் பொய் சொல்லாதுண்ணு சொன்னீரே ஓய்?" என்றேன்.

"இதுல என்ன பொய்? வேற எவனுக்க சக்கரத்தக் கோழி தின்னிருக்கு?"

புஷ்பபாய் குழம்போடு வந்தாள். இரைப்பைத் துண்டு யாருக்கு என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் மறுபடி லேலம் தொடங்கியது. இந்தத் தடவை நான்தான் பிடித்தேன், திருப்பிக் கொடுக்கவில்லை.