இருபது காருக்கு இடம்

தையல்கடை வைத்திருக்கும் பெரியவளுக்கு, துணியில் ஒரு விரல் அகலம் வீணானாலும் அன்றைக்குச் சோறு இறங்காது. அவளிடம்தான் தங்கை அந்த வரைபடத்தைக் கொண்டுவந்து நீட்டினாள்.

சின்னவள் நீச்சல் பள்ளி தொடங்கப்போகிறாள். குளம் தயார், தண்ணீர் தயார். வாசலில், முன்னும் பின்னும் கேட் வைத்துக் கிடக்கும் நீளமான காலி இடத்தில் இருபது கார் நிற்கும் என்று காட்டினால்தான் அனுமதி. மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டும் பதினாறைத் தாண்டவில்லை. மறுநாள் அதிகாரி வருகிறார். விட்டால் இந்த வருடம் பள்ளி கிடையாது.

"இதுக்கா இந்த அழுகை? தள்ளு," என்றாள் பெரியவள். அளவு பார்த்து அட்டையில் கார்களை வெட்டினாள். சட்டைத் துண்டுகளைத் துணியில் பரப்புகிற மாதிரி இடுக்கில்லாமல் அடுக்கினாள். நாற்பத்தெட்டு! அக்காவுக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் பள்ளி வாசலில் அதிகாரி அந்த அடுக்கை உற்றுப் பார்த்தார். நடுவிலிருந்த ஒரு அட்டையைத் தொட்டார்.

"இந்தக் கார் எப்படிம்மா வெளிய வரும்?"

"முன்னாடி நிக்கறத எடுத்துட்டு..."

"அத எடுக்க?"

"அதுக்கும் முன்னாடி நிக்கறத..." என்று இழுத்தவள் அந்த அட்டையைத் தானே நகர்த்திப் பார்த்தாள். துணித்துண்டு கையால் எடுத்தால் வந்துவிடும். கார் வருமா?

அதிகாரி சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். "ரெண்டு பக்கமும் நிறுத்தி நடுவுல வழி விடணும்மா. இங்க அகலம் பத்தாது. நேரா நிறுத்தினா வண்டிய திருப்பவே முடியாது." கையிலிருந்த ஃபைலை மூடினார். சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை.

அதைப் பார்த்ததும் பெரியவளுக்கு வெட்கம் போய் ரோஷம் வந்தது. "ஒரு நிமிஷம் இருங்க சார். சாய்ச்சு நிறுத்தினா?"

துணியைச் சாய்வாக வெட்டுகிற குறுக்கு வெட்டு என்றாலே அவளுக்கு ஆகாது. துணியை அள்ளித் தின்னும். ஆனாலும் அட்டைகளை இரண்டு ஓரமும் சாய்த்து வைத்தாள். முன்கேட்டில் நுழைகிற கார் ஸ்டீயரிங்கை லேசாக ஒடித்தால் போதும், உள்ளே போய்விடும். வெளியே வந்து பின்கேட் வழியாகப் போய்விடும். மூலைகளில்தான் முக்கோணம் முக்கோணமாக இடம் வீணானது. வயிறு எரிந்தது. தங்கைக்காகத்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுவிட்டாள்.

அதிகாரி டேப்பை எடுத்துத் தரையிலேயே அளந்து பார்த்தார். வழி போதுமானதாக இருந்தது. இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. சின்னவள் தானும் ஒருமுறை எண்ணினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

"நல்ல மூளைம்மா உங்களுக்கு," என்றார் பேனாவை மூடியபடி. "உங்க காரை எங்க நிறுத்தியிருக்கீங்க?"

"நான் பஸ்ல வந்தேன் சார்."

சின்னவள் அக்காவைக் கட்டிக்கொண்டு, சிரிப்பும் அழுகையுமாக, விடவே இல்லை.