இருபத்திரண்டு கிலோ

நாட்சம்பளம் கூடிய செய்தி வந்த அன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பட்டாசு வெடித்தார்கள். நானும்தான் கைதட்டினேன். எனக்கு எப்போதுமே அவசரப் புத்தி.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளை வாயைத் திறந்தார். "சம்பளம் கூடிருச்சு. இனி பதினெட்டு கிலோ கொழுந்து பத்தாது. இருபத்திரண்டு எடுத்தாத்தான் முழுப்பேர். கொறஞ்சா அரைப்பேர், அரைச் சம்பளம்."

இந்தக் கையால் கொடுத்து அந்தக் கையால் பிடுங்குகிறார்கள்!

தொழிற்சங்கத் தலைவர் இராமையா அண்ணன் விடவில்லை. "வயசான பொம்பளைங்க எப்புடிங்க எடுப்பாங்க?" என்று சண்டைக்கு நின்றார். கடைசியில், ஒரு வாரம் கொழுந்தை நிறுத்துப் பார்த்து முடிவெடுக்கத் தோட்டத்துத் துரை சம்மதித்தார்.

"வழமையா எடுக்குறத எடுங்க. வீம்புக்கு யாரும் ஓடாதீங்க. முடியலன்னு தராசே சொல்லட்டும்" என்று இராமையா அண்ணன் எங்களிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

என் காதில் அது ஏறவில்லை. குறைவாக எடுக்கிற கிழடுகளின் பேரைத் தோட்டப் பதிவிலிருந்து வெட்டிவிடுவார்கள் என்று பசறை போகும் பஸ்ஸில் யாரோ சொன்னதுதான் காதில் நின்றது. என் மாமியார் ஜெயலெட்சுமிக்கு ஐம்பத்தெட்டு வயது. வலது முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. நானோ தோட்டத்தில் பதிவில்லாமல் கிலோவுக்குக் காசு வாங்குகிறவள். மாமியின் பேர் இருப்பதால்தான் எங்களுக்கு லயத்து அறை. பேர் போனால் அறையும் போய்விடும். இரண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நான் எந்த ரோட்டில் நிற்பேன்?

முழங்கால் வலியோடு மாமியால் சாக்கைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க முடியாது. அதனால் இரண்டு சாக்குகளையும் நான்தான் நிறுவைக்குச் சுமந்து வருவேன். முதல் நாள் தண்ணீர் விழும் பீலிக்கரைப் பக்கம் ஒதுங்கி, என் சாக்கிலிருந்து கொழுந்தை அள்ளி அள்ளி மாமியின் சாக்கில் திணித்தேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டேன். தராசில் மாமியின் சாக்கு இருபத்திமூன்று காட்டியது.

பின்னால் நொண்டி வந்த மாமி அதைப் பார்த்து வாயைப் பிளந்தார். "எங்கையி இன்னும் ஓஞ்சி போகல, பாத்தியா துஷாந்தினி!"

"ஆமாங்க மாமி" என்றேன். ஆறு நாளும் அப்படியே செய்தேன். ஆறு நாளும் அவர் சின்னப் பிள்ளையைப் போலச் சந்தோஷப்பட்டார்.

திங்கட்கிழமைப் பெரட்டில் கணக்கப்பிள்ளை தாளைப் பிரித்தார். "ஜெயலெட்சுமி ஆறு நாளும் இருபத்திரண்டுக்கு மேல. கால் முடியாத அவங்களுக்கே முடியுதுன்னா வேற யாருக்கு முடியாது? இருபத்திரண்டுதான்."

இராமையா அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். பதினெட்டு கிலோவையே முக்கி முக்கி எடுக்கிற பேச்சியம்மா என் மாமியையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய்க்கு லயமே பயப்படும். அன்று நான் கூட்டத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். நிறுவையில் ஏமாற்றினோம் என்று சொன்னால் முதலில் வெட்டுப்படுவது மாமியின் பேர்தானே. எல்லார் வயிற்றிலும் அடித்த பாவி நான்.

மாமி இடுப்பில் நனையாமல் சுற்றும் படங்குச் சாக்கை இறுக்கிக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னையிலருந்து எஞ்சாக்க நிறுவைக்கு நானே தூக்கிட்டுப் போறேன் புள்ள. நீ எம்புட்டு நாளைக்கித்தான் சுமப்ப?"

சொல்லிவிட்டு எனக்கு முன்னால் மலையேறத் தொடங்கினார்.