பினாங்கு மீன் ஆணம்

கிட்ட வாங்க தாயிங்களா, காலை நீட்டி வசதியா உட்காருங்க. பழவேற்காட்டில் ஒரு மனுஷன் கண்மூடின கதை சொல்றேன். சாவுக் கதைதான், ஆனாலும் நடுவில் வாய் ஊறும். ஊறினா வெட்கப்படாதீங்க.

அம்மியில் காய்ந்த சென்னாகுன்னி இறாலை வைத்து ஜைனம்பு ஒரு இழுப்பு இழுத்திருப்பாள். குழவியின் மேல் ஒரு கை வந்து அமர்ந்தது. புருஷனின் அக்கா பரக்கத் பீவியின் கை.

"இன்னா அரைக்கிற?"

"அவரு கேட்டாரு லாத்தா."

"இன்னா கேட்டான்?"

ஜைனம்பு நிமிராமலே சொன்னாள். "பினாங்குல சாப்ட்ட மீன் ஆணம்."

அடுத்த அறையில் மீரான் கிடந்தார். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். வந்ததிலிருந்து கஞ்சியும் இறங்கவில்லை, பாலும் இறங்கவில்லை. எதைக் கொடுத்தாலும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டவர், இன்று மத்தியானம் லுஹர் பாங்கு ஓய்ந்ததும் அவள் கையைப் பிடித்திழுத்துக் காதில் கேட்டது இதைத்தான். கைலி மூட்டைகளோடு கப்பலேறி வியாபாரத்துக்குப் போய்வந்த காலத்தில், அங்கே ஏதோ ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் கண்ட மீன் குழம்பு ருசி.

"அது சீனத்தி கடைடி." பரக்கத் பீவி குரலைத் தாழ்த்தினாள். "பன்னி வெந்த சட்டி. ரூஹு போற நேரத்துல அந்த நெனப்பு நாக்குல ஏறி உக்காந்துச்சுன்னா, கலிமாவுக்கு எடம் ஏது?"

ஊரில் அந்தப் பேச்சு உண்டு. ஜைனம்புவுக்கும் அது தெரியும். தொழுகை தப்பாத மனுஷன். மெய்தானா என்று கேட்டு, அவர் தலைகுனிந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, கேட்காமலே இத்தனை வருஷம் தள்ளிவிட்டாள். இப்போது கேட்டால் சொல்ல அவருக்கு மூச்சில்லை. கொடுக்காவிட்டால் பசித்த வாயோடு போவார். கொடுத்து, லாத்தா சொல்வது மெய்யாகிவிட்டால்?

வெளியே ஆம்பிளைகளோடு உட்கார்ந்திருந்த மீரானின் தம்பி பஷீரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, நீயும் கூடப் போனவன்தான. அந்தக் கடை எப்படின்னு சொல்லு."

பஷீர் நிலைப்படியில் நின்று பிடரியைச் சொறிந்தான். "இப்ப எதுக்கு அண்ணி அதெல்லாம்?"

"அவன் எப்படி சொல்வான்? அவனும் துன்னவன்தான," என்றாள் பரக்கத் பீவி. "கப்பல்லருந்து எறங்கினப்ப தொப்பைய பாக்கலியா நீ?"

பஷீருக்குச் சுருக்கென்றது. உள்ளே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"துன்னேன். எப்படின்னும் கேட்டுக்க லாத்தா. கடைன்னு பேருதான், அது வூடு. முன்னறையில மேசை போட்டிருப்பா. சீன வம்சம்தான், ஆனா மலாய்க்காரியாட்டம் சாரோங் கட்டுவா, மலாய்தான் பேசுவா. அந்த மாதிரி பொம்பளைங்கள அங்க நோனியான்னு சொல்வாங்க. மொத நாளு எங்க தொப்பிய பாத்ததுமே கைய ஆட்டிட்டா, உங்களுக்கு இங்க ஆகாதுன்னு. நானாவது நகந்தேன், மீரான் காக்கா நகரல. 'பசிக்குதும்மா, உள்ள எங்க வூட்டு வாசம் வருது'ன்னாரு. தமிழ்லயே. அவளுக்கு இன்னா புரிஞ்சுதோ, நாளைக்கு வான்னு சைகை காமிச்சா."

"போனீங்களா?" என்றாள் ஜைனம்பு.

"போனோம். கொல்லைப்பக்கம் தனி அடுப்பு. அடியில கரி புடிக்காத புதுச் சட்டி, புது அகப்பை. எங்களுக்குன்னே வாங்கிருக்கா. வேற யாருக்கும் அத எறக்க மாட்டா. நாங்க ஊர் திரும்பினா செவுத்து ஆணியில தொங்கும். அடுத்த கப்பல்ல போய் நின்னா, சிரிச்சிக்கினே எறக்கித் தேய்ப்பா."

"இத அவன் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நம்பியிருப்பியா லாத்தா?"

அடுத்த அறையில் மூச்சு ஏறி, நின்று, இறங்கியது.

"புளி எப்ப ஊத்துவா?" என்று கேட்டாள் ஜைனம்பு.

"மசாலா எண்ணெய் கக்கினப்புறம். எறக்கும்போது கை நெறைய புதினா. ஏதோ ஒரு புல்லும் போடுவா, அதுக்கு இங்க எங்க போறது? எலுமிச்ச இலைய கிள்ளிப் போடு."

பரக்கத் பீவியின் கை குழவியை விட்டது. "மொதல்ல கலிமா. அப்புறம்தான் ஆணம்," என்று எழுந்து தம்பியின் தலைமாட்டுக்குப் போனாள்.

ஜைனம்பு ஏரி மடவை மீனைத் துண்டு போட்டு, மிளகாயும் சின்ன வெங்காயமும் சென்னாகுன்னியுமாய் அரைத்ததை எண்ணெயில் போட்டாள். அடுப்பில் சவுக்கு மிலாறு ஈரம். புகைந்ததே தவிரப் பற்றவில்லை. ஊதி ஊதிக் கண் சிவந்தது. உள்ளே லாத்தா ஓதும் குரல். ஒரு கலிமாவுக்கும் அடுத்ததற்கும் நடுவே அவர் மூச்சு வருகிறதா என்று காது கொடுத்தபடியே புளியை ஊற்றினாள். கொதி வர மனசில்லாமல் ஆணம் அசையாமல் கிடந்தது.

"ஜைனம்பு."

அவ்வளவுதான் கூப்பிட்டாள் லாத்தா. அப்போதுதான் ஓரத்தில் ஒரு கொப்புளம் வெடித்தது. மீன் வெந்துவிட்டதென்று தன்னையே நம்பவைத்து, புதினாவைக் கசக்கிப் போட்டு, கிண்ணத்தில் மொண்டுகொண்டு ஓடினாள்.

அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. கலிமாதான் என்றாள் பரக்கத் பீவி. ஆணத்தின் வாசம் பட்டதும் உதடு நின்றது. வாய் லேசாகத் திறந்தது. ஜைனம்பு எடுத்த கரண்டியைப் பரக்கத் பீவி தானே வாங்கி, ஊதி ஆற்றி, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, தம்பி வாயில் விட்டாள். தொண்டைக்குழி ஏறி இறங்கியது. இரண்டாவது கரண்டி கடைவாயில் வழிந்தது. துப்பட்டியின் நுனியால் அவளே துடைத்தாள். மூன்றாவதுக்கு அவர் இல்லை.

பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குள் அடக்கம் முடிந்துவிட்டது. மையத்து எடுத்த வீட்டில் அடுப்பெரியக் கூடாது; மிலாறில் தண்ணீர் தெளித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டு மஸூதா சோறும் பருப்பும் கொண்டுவந்து வைத்தாள். ஜைனம்பு சோற்றில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பரக்கத் பீவி எழுந்து உள்ளே போனாள். மூடியிருந்த சட்டியோடு வந்தாள். ஜைனம்புவின் சோற்றில் ஒரு அகப்பை ஊற்றினாள். பிறகு தன் தட்டைப் பக்கத்தில் இழுத்து, அதிலும் ஒன்று ஊற்றிக்கொண்டாள். ஒரு வாய் வைத்து, மெதுவாக மென்று, மடவையின் முள்ளை விரலால் எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

போய் வாங்க தாயிங்களா. உங்க வீட்டில் எந்த வாய் எதைக் கேட்டாலும், நேரம் தப்பாம அதுக்கு அது கிடைக்கட்டும்.