வெண்டல் அறுத்த ரிப்பன்

இண்டியானாவின் அந்த வனப்பூங்காவில் குதிரைப் பாதை இன்னும் இருக்கிறது என்றால் அதற்கு வெண்டல் ஒரு காரணம். சம்பளம் கிடையாது. முப்பது வருஷமாகச் சனிக்கிழமைதோறும் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு போய், பாதையில் விழுந்த மரங்களை அறுத்துத் தள்ளியவர். குதிரைக்காரர்கள் சங்கத்தில் அவர் பேச்சை எவரும் தட்டுவதில்லை.

பூங்கா அலுவலகத்தைக் கண்டாலே அவருக்கு அறவே ஆகாது. ஆறு வருஷம் முன்பு ஓடையோரப் பாதையில் மரத்துக்கு மரம் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். மறுமாதமே, குதிரை வரக்கூடாது என்று பலகை அடித்துவிட்டார்கள்.

அதனால்தான் செப்டம்பர் சவாரிக்கு முந்தின நாள் மேட்டுப் பாதையில் இரண்டு மரங்களில் அதே ரிப்பனைப் பார்த்ததும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மறுபடியும் ஆரம்பிச்சுட்டானுங்களா!"

கத்தியால் இரண்டையும் அறுத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கட்டியது அலுவலகம் இல்லை, ஜோலீன். சங்கத்தில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவள். சவாரிக்கு முன் பாதை பார்த்து வரும் முறை அந்தத் தடவை அவளுடையது. அந்த மாதத்தில் குளவி மண்ணுக்குள் கூடு வைத்திருக்கும். அப்படி ஒரு கூட்டைப் பார்த்துத்தான் கட்டியிருந்தாள்; ரிப்பன் இருந்தால் சவாரிக்காரர்கள் குதிரையை விலக்கிச் சுற்றிப் போவார்கள்.

மறுநாள் முதல் மூன்று குதிரைகள் கூட்டை மிதித்து எழுப்பிவிட்டுப் போயின. கொட்டு வாங்கியது நாலாவது. அதன் மேல் இருந்தவர் ஹார்லன், வெண்டலின் நாற்பது வருஷ சிநேகிதர். குதிரை எகிறிய எகிறலில் பாறை மேல் போய் விழுந்தார். இடுப்பெலும்பு போயிற்று. குளவி கிளம்பிய இடம் அந்த இரண்டு மரங்களுக்கு நடுவே என்று பார்த்ததுமே வெண்டலுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"என்னம்மா பாதை பார்த்த? கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?" என்றாள் சங்கத் தலைவி நோரீன்.

"கட்டினேங்க. ரெண்டு மரத்துலயும் கட்டினேன்."

"அப்போ காத்து வந்து முடிச்ச அவுத்துட்டுப் போச்சாக்கும்!" என்றான் ஒருவன்.

ஜோலீன் வெண்டலிடம் திரும்பினாள். "ஐயா, நேத்து சாயங்காலம் நீங்க இந்தப் பக்கம் வந்தீங்களே. ரிப்பன் இருந்துச்சுல்ல?"

"நான் பார்க்கல," என்றார்.

அவள் சங்கத்தின் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி நோரீன் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் அவர் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஹார்லன்தான் திறக்க வைத்தார்.

"இங்க குடுக்கிற கஞ்சியக்கூட மன்னிச்சிருவேன். அந்தப் பொண்ண மன்னிக்க மாட்டேன்டா."

"அறுத்தது நான்டா."

ஹார்லன் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "இடுப்பு என்னோடது, அதை நான் பாத்துக்கறேன். அவ பேரு கெட்டுக் கிடக்கே, அதை யாரு பாத்துக்கறது? போய்ச் சொல்லுடா, கிழட்டுக் கழுதை."

சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் சொன்னார். கிழித்துத் தொங்கவிடுவார்கள் என்றுதான் நினைத்தார். நோரீன் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். "விடுங்க வெண்டல். வேணும்னேவா செஞ்சீங்க?"

"அடுத்த தடவை கண்ணாடி போட்டுக்கிட்டுப் போங்க பெருசு," என்றான் அன்றைக்குக் காற்றைப் பற்றிப் பேசியவன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு அடி வாங்குவதைவிடக் கேவலமாக இருந்தது.

காப்பியைத் தொடாமல் எழுந்து ஜோலீன் வீட்டுக்கு வண்டியை விட்டார். லாயம் காலியாக இருந்தது. வேலிக்கு வெளியே நின்றபடியே சொன்னார். அவள் திட்டவில்லை.

"நீங்க பார்க்கலேன்னு சொன்னதும் எனக்கே சந்தேகம் வந்திருச்சு ஐயா. கட்டினேனா, கட்டினதா நெனச்சுக்கிட்டேனா? இன்னொருத்தரையும் விழ வெச்சிருவேனோன்னு பயம். அதான் குதிரைய வித்துட்டேன்."

"யாருகிட்டன்னு சொல்லு. நான் போய்த் திருப்பி வாங்கிட்டு வரேன்."

"அந்த வீட்டுப் பொண்ணு அதுக்கு வேற பேரு வெச்சுட்டா. கூப்பிட்டா ஓடி வருதாம்."